சிவப்பு ரியூப் துண்டு

சுவிஸில், நாங்கள் இருக்கிற எம்மன்புறூக்கவில் எந்தத் தமிழர் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போனாலும் முதலில் எங்கள் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். என் மனுசன் தில்லைநாதன் போய்ப் பார்த்து "எடுக்கலாம்" என்றால் எடுப்பார்கள். உதட்டைப் பிதுக்கினால், தங்கத்தில் செய்து கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுவார்கள். இந்த நாட்டு மெக்கானிக் பத்திரம் எதுவும் இவரிடம் கிடையாது. லுசேர்ண் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக மரக்கறி வெட்டுகிறார். கை கத்திக்கு மாறிவிட்டது, காது மட்டும் இன்னும் கராஜிலேயே நிற்கிறது.

இவர் பார்க்கும் விதம் எனக்கு மனப்பாடம். எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூடிறைவர் ஒன்றின் நுனியை அதில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் போவார். ஏற்றத்திலும் இறக்கத்திலும் இரண்டாம் கியரில் ஓடிப் பார்க்காமல் யாரும் மோட்டார் சைக்கிள் வாங்கக்கூடாது என்பது இவருடைய சட்டம். ஒருமுறை பானுஜன் என்ற பெடியன் தன் சொந்த அக்கா புருசனிடம் வாங்கப் போனபோதும் இவர் விடவில்லை. அந்த மனுசனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. "மச்சான் வேறை, எஞ்சின் வேறை" என்று சொல்லிவிட்டு இவர் பாட்டுக்கு மலையேறினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதைச் சொல்ல என்ன துணிவு என்று பெருமைப்பட்டேன்.

அந்தச் சட்டம் சிவானந்தராசா என்ற ஒரேயொரு ஆளுக்குச் செல்லாது என்பது போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

சிவா அண்ணையும் இவரும் தொண்ணூற்றிரண்டில் ஊரில், கோண்டாவிலில் ஒரு கராஜில் ஒன்றாக வேலை செய்தவர்கள். பொருளாதாரத் தடைக்காலம். ஓர் உதிரிப்பாகம் உள்ளே வராது. கியர்ப்பல் தேய்ந்த வண்டிகளில் இரண்டாம் கியர் போட்டால் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அதற்கு இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கியரை அதன் இடத்தில் அழுத்திப் பிடிப்பதற்கென்று எஞ்சினுக்குள் ஒரு சின்ன முளையும் அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். அந்த ஸ்பிரிங்குக்குப் பின்னால் சைக்கிள் போல்ஸ், அதாவது சில்லுக்குள் உருளுகிற சின்ன உருக்குக் குண்டுகள், இரண்டை வைத்து மூடினால் ஸ்பிரிங் இறுகும், கியர் கழலாது. ஆனால் லீவர் கல்லுப்போல இருக்கும். சமதரையில் கொஞ்ச நாள் ஓடலாம். பாரம் ஏற்றினாலோ வண்டி சூடானாலோ பழையபடி கழலும். இந்த வேலை தெரிந்தவர்கள் அந்தக் கராஜில் இரண்டே பேர், இவரும் சிவா அண்ணையும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் ஐயாவின் மோட்டார் சைக்கிளுக்கும் இவர் போல்ஸ் வைத்துக் கொடுத்தார். கொடுத்தபோது கியர் லீவரில் சிவப்புச் சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிக் கட்டியிருந்தார். "ஐயா, உள்ளுக்கை போல்ஸ் கிடக்கு. இந்தத் துண்டைக் காணுற நேரமெல்லாம் நினையுங்கோ, ரெண்டாம் கியரை நம்பக்கூடாது" என்றார். போல்ஸ் வைத்தால் துண்டு கட்ட வேண்டும், சொல்லாமல் கொடுக்கக்கூடாது. அது அவர்கள் இருவரும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஊரெல்லாம் ஒளித்துக் கொடுத்து ஆளை ஏமாற்றுகிற நாளில் இப்படி ஒருத்தனா என்று ஐயா வீட்டில் வந்து சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இவரோடு கலியாணப் பேச்சு வந்தபோது நான் வேறொன்றும் யோசிக்கவில்லை.

சிவா அண்ணைதான் முதலில் சுவிஸுக்கு வந்தார். பிறகு இவரைக் கூப்பிட்டு எடுத்தார். முதல் மாரியில் இரண்டு பேருக்கும் ஒரே ஜாக்கெட். காலை வேலைக்குப் போகிறவர் போட்டுக்கொண்டு போய், திரும்பி வந்து மற்றவருக்குக் கழற்றிக் கொடுப்பாராம். இந்தக் கதையை இவர் சொல்லி நான் நூறு தடவை கேட்டிருப்பேன். இப்போது சிவா அண்ணை ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பகுதிக்கு மேற்பார்வை. எங்கள் மகள் தர்மிகாவை முதன்முதலாகப் பாலர் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான், அன்றைக்கு எங்கள் இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. அவளுக்கு அவர் சிவா மாமா.

தர்மிகாவுக்கு இப்போது இருபத்திநாலு வயது. மலையில் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. காலை ஏழு மணி வேலைக்கு முதல் பஸ் போய்ச் சேராது. அதனால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்தாள். பழசாக ஒன்று பார்க்கலாம் என்று இருந்தபோது சிவா அண்ணை போன் பண்ணினார். "என்ரை இருநூற்றைம்பது சிசி பைக் சும்மா நிக்குது மச்சான். பிள்ளைக்குத்தானே, ஒரு விலை போட்டுத் தாறன், கொண்டு போ" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். சிவா அண்ணையின் மனைவி ஞானம்மா அக்கா நண்டுக் கறி சமைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் தர்மிகா ஹெல்மெட்டை எடுத்தாள்.

"ஒருக்கா ஓடிப் பாத்திட்டு வாறன் அப்பா."

"வை அதை" என்றார் இவர். "மாமாவின்ரை சாமானை ஓடிப் பாக்கிறதோ? கடையிலையே வாங்கிறாய்?"

சிவா அண்ணை நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்குக் கீழே இவர் காலைத் தட்டினேன். இவர் காலை இழுத்துக்கொண்டார். கேட்ட விலையைக் கொடுத்து, எஞ்சினைக்கூட ஓடவிட்டுப் பார்க்காமல், சிவா அண்ணைக்குத் தெரிந்த ஒருவருடைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். ஊருக்கெல்லாம் காது வைத்துக் கேட்கிற மனுசன்!

மூன்றாம் நாள் தர்மிகா சொன்னாள்: "அப்பா, கியர் சரியான இறுக்கம். மிதிச்சு மிதிச்சுக் கால் நோகுது."

இவர் கீழே வாகனத் தரிப்பிடத்தில் வைத்து ஒருமுறை ஏறி, முன்னுக்குப் பின்னுக்கு ஓடி, கியரை மாற்றினார். மேல்மாடிப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நான் பார்த்தேன். இரண்டாம் கியரை மிதித்ததும் இவர் நிறுத்தினார். இன்னொருமுறை மிதித்துவிட்டு, பல்கனியில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இறங்கி, "கிளச் கேபிள் கொஞ்சம் இளக்கம்" என்றார்.

கேபிளை இறுக்கினார். லீவர் இளகவில்லை. அடுத்த நாள் செயினைப் பார்த்தார், அது அளவாகத்தான் இருந்தது. ஒயிலை மாற்றினார். கியர் லீவரைக் கழற்றி, ஒரு பல்லு மேலே தூக்கிப் பூட்டிப் பார்த்தார், ஒரு பல்லு கீழே இறக்கியும் பூட்டினார். வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு நாளும் கீழே போவார். கறுத்த கையோடு மேலே வருவார். எல்லாம் செய்தும் கியர் கல்லுத்தான்.

கடைசியில் குற்றம் பிள்ளையின் தலையில் விழுந்தது.

"உன்ரை கால் சரியில்லை. பயந்து பயந்து அரைவாசி மிதிக்கிறாய். முழுசா மிதி, விழும்."

"ஓடப் பழக்கின ஃபார்லேரரின்ரை பைக்கிலை விழுந்ததுதானே அப்பா?"

"அது புதுசு. இதை நீ பழகோணும்."

அடுத்த ஞாயிறு கடைகள் பூட்டியிருக்க, வெறும் தரிப்பிடத்தில் அவளை ஒன்றரை மணி நேரம் சுற்றவிட்டார். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி நின்றார். பிள்ளை வந்து சப்பாத்தைக் கழற்றியபோது இடது கால் பெருவிரல் நீலம் பாரித்திருந்தது. நான் ஐஸ் வைத்துவிட்டேன். "அம்மா, எனக்கு ஓடத் தெரியாதோ?" என்று கேட்டாள். சோதனையில் முதல் தடவையே பாஸ் பண்ணிய பிள்ளை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஐஸ் பையை இவர் தலையில் எறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கிழமை வியாழக்கிழமை மத்தியானம் தர்மிகா பஸ்ஸில் வந்தாள். ஹெல்மெட் கையில் இருந்தது.

வேலை முடிந்து மலையிறங்கும்போது கொண்டையூசி வளைவில் இரண்டாம் கியர் கழன்றிருக்கிறது. எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. அவள் பிரேக்கை அழுத்த, வண்டி நடுக்கோட்டைத் தாண்டி மற்றப் பக்கம் போயிருக்கிறது. எதிரே பால் லொறி. ஓட்டுநர் புல்லுக்குள் இறக்கியதால் தப்பினாள். வண்டியைப் பக்கத்துப் பண்ணை வீட்டில் விட்டுவிட்டு நடந்து வந்து பஸ் எடுத்திருக்கிறாள்.

இவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "வளைவிலை கிளச்சைப் பிடிச்சிருப்பாய்" என்றார்.

தர்மிகா இவரையே பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"நான் கிளச்சைத் தொடேல்லை. கியர் தானாக் கழண்டது. மூண்டு கிழமையா நான் சொல்லுறன், நீங்கள் நம்பேல்லை. நீங்கள் பைக்கைத் திருத்தேல்லை அப்பா. சிவா மாமாவைக் காப்பாத்திறியள்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த நேரத்தில் நான் இவரிடம் கேட்டேன், "மச்சான் வேறை, எஞ்சின் வேறை எண்டு சொன்ன ஆள் எங்கை?" இவர் ஸ்பானர்கள் இருந்த ஆயுதப் பையை எடுத்தார். நானும் ஜாக்கெட்டைப் போட்டேன்.

பண்ணை வீட்டுக்காரி எங்களை மாட்டுத் தொழுவப் பக்கம் கூட்டிப்போனாள். வண்டி சுவரோடு சாய்ந்து நின்றது. இவர் அதன் அருகே குந்தினார். கிளச்சைத் தொடவில்லை, செயினைப் பார்க்கவில்லை. நேரே எஞ்சினின் ஒரு பக்கத்தில் இருந்த சின்ன போல்ட் ஒன்றில் ஸ்பானரை வைத்தார். நாலு திருப்பு. போல்ட் வந்தது. அதன் பின்னால், ஒயிலில் மினுங்கிக்கொண்டு, இரண்டு சைக்கிள் போல்ஸ் இவர் உள்ளங்கையில் விழுந்தன. பிறகுதான் ஸ்பிரிங் வந்தது.

முப்பது வருடத்துக்குப் பிறகும் அது என்ன வேலை என்று எனக்குத் தெரிந்தது. இவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? எனக்குத் தெரிய இரண்டே பேர் செய்கிற வேலை. ஒரு ஆள் கையில் போல்ஸோடு என் முன்னால் குந்தியிருக்கிறார். அப்படியென்றால் வைத்தது மற்ற ஆள்.

நான் கியர் லீவரைப் பார்த்தேன். துண்டு எதுவும் கட்டியிருக்கவில்லை.

இவர் அழுதார். தொழுவத்து மாடுகளும் அந்த வெள்ளைக்காரியும் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்திருக்காமலே அழுதார். எனக்கு இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. நாலு திருப்பு வேலை. கேபிள், செயின், ஒயில் என்று மூன்று கிழமை எல்லாவற்றையும் கழற்றிய மனுசன் இந்த ஒரு போல்ட்டை மட்டும் தொடவேயில்லை. அதை அங்கே வைத்து நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காக இப்போதும் என்னை நானே நோகிறேன்.

போல்ஸ் இல்லாமல் போல்ட்டைப் பூட்டி, இவர் வண்டியை முதலாம் கியரிலேயே மெல்ல மெல்லக் கீழே கொண்டுவந்தார். ஒரேயொரு வளைவில் இரண்டாம் கியர் போட்டுப் பார்த்தாராம், பிள்ளைக்குப்போலவே கழன்றதாம். வீட்டு வாசலில் இறங்கியபோது ஹெல்மெட் வாரைக் கழற்ற இவரால் முடியவில்லை. பஸ்ஸில் முந்தி வந்து காத்திருந்த நான்தான் கழற்றிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஓஸ்டர்முண்டிகனுக்கு ரயில் எடுத்தோம். இவர் சட்டைப் பையில் போல்ஸ் இரண்டும் இருந்தன. ரயில் குலுங்கும்போது அவை ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"வா மச்சான், சொல்லாமல் கொள்ளாமல்!" என்று சிவா அண்ணை கதவைத் திறந்தார். ஞானம்மா அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனார். இவர் இருக்கவில்லை. போல்ஸ் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். அவை உருண்டு போய்ச் சீனிப் போத்தலில் முட்டி நின்றன.

சிவா அண்ணை அவற்றைப் பார்த்தார். இது என்ன என்று கேட்பார், நடிப்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"எப்ப வைச்சனி?" என்றார் இவர்.

"போன வருசம். எனக்கு ஒரு வருசம் ஒண்டும் செய்யேல்லை மச்சான். இஞ்சை சமதரைதானே."

"பிள்ளை மலையிலை ஓடப்போறாள் எண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

"அப்ப ஏன்ரா சொல்லேல்லை? லீவரிலை ஒரு துண்டு கட்ட உனக்குக் கை வரேல்லையோ?"

சிவா அண்ணை மேசைத் துணியின் கரையைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, மறைக்க இனி என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்:

"முதல் ரெண்டு பேர் வாங்க வந்தவங்கள். ஓடிப் பாத்திட்டு வேண்டாமெண்டு போட்டாங்கள். பாக்காமல் வாங்கிற ஆள் நீ ஒருத்தன்தானே மச்சான்."

கோபத்தில் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம். கடைக்குப் போனேன், பாண் வாங்கினேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். இவர் முப்பது வருடம் கட்டிக் காத்த நம்பிக்கை அந்த மனுசனுக்கு, கழிக்க முடியாத சாமானைக் கழிக்க ஒரு வசதியாக இருந்திருக்கிறது.

இவர் வாசல் பக்கம் திரும்பினார். சிவா அண்ணை பின்னாலேயே வந்தார்.

"நான் ஒண்டும் பிள்ளையைக் கொல்ல நினைக்கேல்லை. நீ மிதிச்ச உடனை கண்டுபிடிப்பாய் எண்டு எனக்குத் தெரியும். கண்டுபிடிச்சாலும் என்னைக் காட்டிக் குடுக்காமல், பேசாமல் திருத்தி ஓடவிடுவாய் எண்டு நினைச்சன். நீ அப்பிடித்தானே."

இவர் நின்றார். அடிக்கப் போகிறார் என்று பயந்து கையைப் பிடித்தேன். இவர் குனிந்து சப்பாத்தை மாட்டினார். ஞானம்மா அக்கா தட்டத்தில் தேத்தண்ணியோடு வந்து, நடந்தது தெரியாமல், "என்ன, குடிக்காமல் போறியளோ?" என்றார். அந்த மனுசியில் எனக்குக் கோபமில்லை. ஆனால் குடிக்கவில்லை.

படியிறங்கும்போது, "இனி அவனோடை ஒரு கதையும் இல்லை" என்றார் இவர். நான் சிவா அண்ணையின் நம்பரை ரயிலில் இருந்தே அழித்தேன். இவர் அழித்தாரா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை தர்மிகா குப்பை கொண்டுபோகக் கீழே இறங்கினாள். நான் பின்னால் போனேன். சைக்கிள்கள் விடுகிற நிலவறையில், மூலையில் வண்டி நின்றது. அதன் அருகே இவர் குந்தியிருந்தார். கியர் லீவரில் சிவப்பு நிறத்தில் ஒரு துண்டு கட்டிக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் சிவப்பு ரியூப் எங்கே கிடைக்கும்? என் பழைய சிவப்பு றப்பர்ச் சுடுதண்ணிப் பையை வெட்டியிருக்கிறார்.

"அதென்ன அப்பா?" என்றாள் தர்மிகா. வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் இவரோடு கதைத்த முதல் வார்த்தை அது.

இவர் விளக்கினார். போல்ஸ், கோண்டாவில் கராஜ், சொல்லாமல் கொடுக்கக்கூடாது என்ற ஒழுங்கு, சிவா மாமா வைத்தது, சொன்னது எல்லாவற்றையும். "இனி ஒருத்தரும் தெரியாமல் இதிலை ஏறக்கூடாது. அதுதான் கட்டுறன். உன்ரை கால் பிழையில்லை பிள்ளை. அவன் எங்களை ஏமாத்திப்போட்டான்."

அவள் சிவா மாமாவுக்காக அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளுக்கை போல்ஸ் கிடக்கெண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை கழட்டினாப் பிறகுதான்..." என்று தொடங்கியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பல்கனியில் நின்று நான் பார்த்தது இவருக்குத் தெரியும். நான் முகத்தைத் திருப்பவில்லை. வாயில் வந்த பொய்யை விழுங்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"முதல் நாள் மிதிக்கேக்கையே கால் சொன்னது. அவன் அப்பிடிச் செய்திருப்பான் எண்டு நினைக்க எனக்கு ஏலாமல் இருந்தது."

தர்மிகா குப்பைப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"அப்ப இந்தத் துண்டை அண்டைக்கெல்லோ நீங்கள் கட்டியிருக்கோணும், அப்பா."

குப்பையைப் போட்டுவிட்டு, எங்களைத் திரும்பிப் பாராமல் மேலே போனாள். இவர் லீவரைப் பிடித்தபடியே இருந்தார். நான் பிள்ளைக்குப் பின்னால் படியேறினேன்.

சித்திரையில் தர்மிகா வேறொரு மோட்டார் சைக்கிள் வாங்கினாள். அன்றைக்கு இவர் லீவு. ஸ்குரூடிறைவரைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, உடுத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் தன்னோடு வேலை செய்கிற ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், மலையில் ஏறி இறங்கி, இரண்டாம் கியரில் ஓடிப் பார்த்து, தானே வாங்கிக்கொண்டு வந்தாள்.